மனித உடலில் அடையாள மைக்ரோசிப் பொருத்தினால் நம் தனியுரிமை என்ன ஆகும்?

சென்ற வருடம் எங்கள் வீட்டு நாய் மணிக்குச் சிப் போட்டோம். டாக்டர் வழக்கமான ஊசியைவிடத் தடிமனான ஒன்றை எடுத்தார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து ஒரே அழுத்து. மணி ஒரு முனகல் முனகியது, அவ்வளவுதான். அப்புறம் கைக்கு அடக்கமான ஒரு ரீடரை முதுகுக்கு மேலே கொண்டுபோனார். 'பீப்' என்று ஒரு சத்தம், திரையில் 15 இலக்க எண்.

"மணி தொலைஞ்சு போனா எங்க இருக்குன்னு போன்ல காட்டுமா அங்கிள்?" என்று கேட்டாள் என் மகள்.

"காட்டாதும்மா. யாராவது பிடிச்சு வெச்சு, இதே மாதிரி மெஷினைக் கிட்ட கொண்டுபோனாதான் தெரியும்."

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. கதவுகளுக்குக் கார்டு ரீடரும் வருகைப்பதிவு மெஷினும் மாட்டிக் கொடுப்பது என் தொழில் என்பதால் மீதிப் பாதியையும் கொஞ்சம் சொல்ல முடியும்.

2016-ல் புது 2000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதற்குள் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்து வைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஓடியது நினைவிருக்கும். மனிதச் சிப் பற்றிய பயமும் பெரும்பாலும் அந்த ரகம்தான். அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் செம்புக் கம்பிச் சுருளும் ஒரு துளிச் சிப்பும் இருக்கும், பேட்டரி கிடையாது. ரீடர் பக்கத்தில் வந்தால், அதன் காந்தப்புலத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். ரீடர் நகர்ந்துவிட்டால் மறுபடி தூங்கிவிடும். இது ஜிபிஎஸ் அல்ல, சில சென்டிமீட்டர் தாண்டினால் அதற்குக் காது கேட்காது.

அப்படியானால் ஆபத்து இல்லையா? இருக்கிறது, ஆனால் மக்கள் தேடும் இடத்தில் இல்லை.

அமெரிக்காவில் வெரிசிப் என்றொரு சிப் வந்தது. 12 மில்லிமீட்டர் நீளம், 16 இலக்க எண். மேல்கையில் போடுவார்கள். 2004 அக்டோபரில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமே அனுமதி கொடுத்தது. மயங்கி விழுந்த நோயாளியை ஸ்கேன் செய்தால் மருத்துவ விவரம் கிடைக்கும் என்பதுதான் விளம்பரம். அதே வருடம் ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஒரு இரவு விடுதி, விஐபி வாடிக்கையாளர்கள் பர்ஸ் எடுக்காமலே குடித்துவிட்டுப் போக இதே சிப்பைப் போட்டுவிட்டது. உயிர் காக்க வந்தது பார் பில் கட்டப் போய்விட்டது. கருவி ஒன்றுதான், வேலை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். என் தொழிலிலும் இதைத் தினமும் பார்க்கிறேன்.

2006-ல் ஜொனாதன் வெஸ்ட்ஹ்யூஸ் என்ற பொறியாளர், ஒரு பத்திரிகையாளரின் கையிலிருந்த வெரிசிப்பைத் தானே செய்த கருவியால் படித்து, அப்படியே நகல் எடுத்துக் காட்டினார். கடவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. கேட்டவர் யார் என்று பார்க்காமல் எண்ணைச் சொல்லிவிடும் சிப் அது. பஸ்ஸில் பக்கத்தில் உரசிக்கொண்டு நிற்பவர் கேட்டாலும் சொல்லும்.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம் இனிமேல்தான். அதே வருடம் வெஸ்ட்ஹ்யூஸும் வேறு மூவரும் சேர்ந்து ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். அதில் ஒருவர் ஜான் ஹலாம்கா, பாஸ்டன் மருத்துவர், தன் கையிலேயே அந்தச் சிப்பைப் போட்டுக்கொண்டவர். நகல் எடுக்க முடிவது நல்லதுதான் என்றார்கள்! நகல் எடுக்கவே முடியாத சிப்பைப் பூட்டுக்குச் சாவியாக வைத்தால், திருடனுக்கு ஒரே வழிதான் மிஞ்சும்: கையை அறுத்து எடுப்பது. அதனால் ஆளை அடையாளம் சொல்ல மட்டும் சிப்பை வைத்துக்கொள்ளுங்கள், கதவைத் திறக்கும் சாவியாக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். சாவியைப் பையில் வைத்துக்கொள்ளும் நமக்கு இந்த யோசனை வரவே வராது.

வெரிசிப் விற்பனை 2010-ல் நின்றுபோனது. இப்போது போடுவது பெரும்பாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, போனைக் கிட்டே காட்டிப் பணம் கட்ட உதவும் என்எஃப்சி வகைதான். ஸ்வீடனில் சில ஆயிரம் பேர் ஆசைப்பட்டே போட்டுக்கொண்டார்கள். 2017 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் த்ரீ ஸ்கொயர் மார்க்கெட் என்ற நிறுவனம் ஊழியர்களுக்கு விருந்து வைத்துச் சிப் போட்டது. கதவு திறக்க, கணினியில் நுழைய, தின்பண்டம் வாங்க. விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். அப்படித்தான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் யாரையும் கட்டாயப்படுத்திச் சிப் போடக்கூடாது என்று 2006-லேயே சட்டம் போட்ட மாநிலம் அது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம்.

சம்பளம் கொடுப்பவர் "விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போது அது எவ்வளவு தூரம் விருப்பம்? எனக்குச் சந்தேகம்தான். நினைவு தப்பிய முதியவர்களுக்குப் போடலாமே என்பவர்களுக்கும் இதையே கேட்பேன். சரி என்று சொல்ல முடியாதவரிடம் சம்மதம் எப்படி வாங்குவது? பெயரும் போன் நம்பரும் பொறித்த ஒரு கைவளையம் அந்த வேலையைச் செய்துவிடும். கழற்றவும் முடியும்.

மணிக்குச் சிப் போட்ட அன்று ஒரு படிவத்தில் என் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் நாய் உணவு விற்பவர்கள், நாய்க்கு இன்ஷூரன்ஸ் விற்பவர்கள் என வரிசையாக அழைப்பு. மணியின் முதுகிலிருக்கும் 15 இலக்கம் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தது அந்த எண்ணுக்கு எதிரே எழுதி வைத்த பதிவேடு. மனிதனுக்கும் இதுதான் கதை. எண் உடம்புக்குள் இருக்கும், பதிவேடு வேறு யார் கையிலோ. அதை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், யாருக்குத் திறந்து காட்டுவார்கள், கம்பெனியை விற்றால் அதுவும் கூடவே போகுமா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலையில், பாதுகாப்புக்கு என்று சொல்லி எல்லா வாசலிலும் ரீடர் மாட்டச் சொன்னார்கள். கழிவறைக்குப் போகும் நடைக்கதவிலும்தான். மூன்று மாதம் கழித்து மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் அந்தக் கதவுக்கு உள்ளே எத்தனை நிமிடம் இருக்கிறார்கள் என்று ரிப்போர்ட் எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும். எடுத்தும் கொடுத்தேன், அதில் எனக்குப் பெருமை இல்லை.

அடுத்த மாதமே அந்தக் கதவில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று சர்வீஸுக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், கதவு மூடாமல் இருக்க யாரோ அடியில் ஒரு செங்கல்லைச் சொருகியிருந்தார்கள். கதவு திறந்தே இருந்தால் யாரும் கார்டைக் காட்ட வேண்டியதில்லை. பக்கத்துப் பெஞ்சில் நாலைந்து கார்டுகள் கயிறோடு கிடந்தன, அவற்றின் சொந்தக்காரர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கைக்குள் சிப் இருந்தால் எதைப் பெஞ்சில் கழற்றி வைப்பார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

செங்கல்லை எடுத்துவிட்டு ரீடரைச் சோதித்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. கிளம்பும்போது செங்கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.