அக்காவிடம் கேளுங்கள்: பூட்டிய அறையும் 45,000 ரூபாய் வகுப்பும்

கேள்வி: அக்கா, எனக்கு ஒரே மகன், வயது 16. ஓ/எல் எழுதிவிட்டு இருக்கிறான். இரண்டு மாதமாக அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான். ரியூசனுக்குப் போவதில்லை, கிரிக்கெட்டையும் விட்டுவிட்டான். ஏதும் கேட்டால் சீறி விழுகிறான். அவர் கட்டாரில். ‘நீ செல்லம் குடுத்துக் கெடுத்த பிள்ளை’ என்று மாமி ஒவ்வொரு நாளும் சொல்லுகிறா. போனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பெற்றோருக்கான சிறுவர் உளவியல் டிப்ளோமா, மூன்று மாதம், சூம் வகுப்பு, 45,000 ரூபாய். காப்பை அடகு வைத்துக் கட்டட்டோ? இதைவிடக் குறைந்த காசில் ஏதும் இருக்கிறதா? எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு.
ஒரு தாய், அச்சுவேலி

பதில்: தங்கச்சி, காப்பைக் கழற்ற வேண்டாம்.

இப்படியொரு வகுப்புக்கு நானும் ஒருமுறை காசு கட்டினேன். சூமில் எண்பது பேருக்கு மேல் இருந்தோம். ஆசிரியர் திரையில் இருந்ததை வாசித்தார், நாங்கள் கொப்பியில் எழுதினோம். உளவியல் அறிஞர் பிராய்டு சொன்னது, பியாஜே சொன்னது எல்லாம் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். ‘உங்கட வீட்டில என்ன நடக்குது?’ என்று மூன்று மாதத்தில் ஒருநாள்கூட ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்கு வேலைக்குக் காட்டச் சான்றிதழ் தேவையில்லை. பிள்ளையோடு எப்படிக் கதைப்பது என்றுதான் தெரியவேண்டும். பெற்றோருக்கான நல்ல வகுப்பு இந்தக் கிழமை வீட்டில் செய்துபார்க்க ஒரு காரியம் தரும், அடுத்த கிழமை ‘என்ன நடந்தது’ என்று கேட்கும். காசு கேட்கிறவரிடம் இதைக் கேளுங்கள். படிப்பிக்கிறவர் இப்போதும் நோயாளரைப் பார்க்கிறவரா என்பதையும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

காசில்லாமல் தொடங்க வழி இருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் பியூச்சர்லேர்ன் என்ற இணைய வகுப்புத் தளத்தில், இளவயதினரின் மனச்சோர்வை விளங்கிக்கொள்ள ஒரு வகுப்பு வைத்திருக்கிறது. சேரும்போது கட்டணம் இல்லாமல் பார்க்கும் வழி காட்டுகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஏனென்றால், உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பூட்டிய கதவு இல்லை, விட்டுப்போன கிரிக்கெட். மனம் சோர்ந்த பிள்ளை விருப்பமானதை விடுகிறது. அதை விட்டதால் நாளில் நல்லதென்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதனால் இன்னும் சோர்கிறது. இந்தச் சுழலைச் சின்னச் சின்னச் செயலால் எப்படி அறுப்பது என்பதுதான் மனச்சோர்வுக்கான பேச்சுவழிச் சிகிச்சை ஒன்றின் மையம். வளர்ந்த பிள்ளைகளிடம் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவதும் உண்டு. அவன் சீறுவதைத் திமிர் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

கோர்செரா தளத்தில் யேல் பல்கலைக்கழகத்து அலன் காஸ்டின் நடத்தும் பெற்றோர் வகுப்பும் நல்லது. ‘செய்யாதே’ என்பதைக் குறைத்து, எதைச் செய்யவேண்டுமோ அதைச் செய்த உடனே, இன்னது செய்தாய் என்று சொல்லிப் பாராட்டுவது அதன் முக்கியமான பாடம். சேரும்போது சான்றிதழ் இல்லாமல் பார்க்கும் வழி காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். கோர்செரா செயலியில் வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளலாம், இரவு டேட்டாவில் இறக்கினால் செலவு குறையும். விசேட தேவையுள்ள சின்னப் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதை வாசித்தால்: 2 முதல் 9 வயது வரையான, வளர்ச்சி தாமதித்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சியை உருவாக்கியிருக்கிறது, இணைய வடிவமும் இலவசம்.

ஆங்கிலம் மட்டுமட்டு என்றால் தனியப் பார்க்காதீர்கள். அயலில் இன்னொரு தாயையும் கம்பசில் படிக்கிற ஒரு பிள்ளையையும் கூப்பிட்டு, பத்து நிமிடம் பார்த்துவிட்டு நிற்பாட்டிக் கதையுங்கள். இப்படி நாலு பேர் கூடிப் பார்த்த இடங்களில்தான் வீட்டில் ஏதாவது மாறியதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் தங்கச்சி, வகுப்பு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு கிழமைக்கு மேல் இப்படி இருந்தாலே வைத்தியரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகனுக்கு இரண்டு மாதம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, காசில்லை. உங்களுக்குத் தூரமும் இல்லை. அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் முதலில் போய்க் கதையுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். தேசிய உளநல உதவி எண் 1926, இரவிலும் எடுக்கலாம். ‘செத்தால் நல்லம் எண்டு நினைக்கிறியோ?’ என்று நேரே கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஓம் என்றால் அவனைத் தனிய விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் வீட்டில் இருந்தால் இன்றைக்கே பூட்டி, திறப்பை நீங்கள் வைத்திருங்கள்.

இன்று பின்னேரம் தேத்தண்ணியோடு போய்க் கதவைத் தட்டுங்கள். ‘தம்பி, நீ கிரவுண்டுக்குப் போகாததைக் கவனிச்சனான். ஏன் எண்டு கேட்க வரேல்லை. கொஞ்ச நேரம் உன்னோட இருக்கட்டே?’ இவ்வளவும் போதும். படிப்புக் கதை வேண்டாம். ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம், போனைக் கையில் எடுக்காமல். முதல் நாலைந்து நாள் கதவு திறக்காது. தேத்தண்ணியை வாசலில் வைத்துவிட்டு, அடுத்த நாளும் போங்கள்.

கேள்வி: மகளுக்கு 24 வயது. மனச்சிதைவு நோய், சிசோபிரேனியா என்று வைத்தியர் சொன்னார். மாதாமாதம் கிளினிக்கில் மருந்து எடுக்கிறோம். பத்து மணிவரை படுப்பாள். தாய்க்காரி ஏசுவா, அவள் கத்துவாள். நாங்கள் இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். எங்களைப் போன்றவர்களுக்கும் வகுப்பு உண்டா?
ஒரு தகப்பன், நெல்லியடி

பதில்: அண்ணை, இதற்குப் பதில் எழுத எனக்குக் கை நடுங்குகிறது.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாங்கள் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அங்கேதான் என் தம்பிக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. அவனுக்கு அப்போது 19. சந்நிதி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம், நூல் கட்டினோம். பிறகுதான் ஆஸ்பத்திரி. மருந்தில் சுகமாகி வருவான். வந்ததும் அப்பா தொடங்குவார்: ‘வெயில் ஏறியும் படுக்கை, எருமை.’ அம்மா மற்றப் பக்கம், சோறு ஊட்டாத குறையாக அவனைச் சுற்றியே நிற்பா. மூன்று தரம் திரும்ப நோயில் விழுந்தான்.

பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு பயிற்சியில்தான் எனக்குக் காரணம் விளங்கியது. லண்டனில் கிறிஸ்டின் வோன், ஜூலியன் லெஃப் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட ஆய்வு அது. ஓயாத குறைகூறலும் அளவுமீறிய பொத்திப் பாதுகாப்பும் உள்ள வீடுகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நோயாளிகளுக்கு நோய் கூடுதலாகத் திரும்பியது. அப்படியான வீடுகளிலும் கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்குக் குறைவாக வீட்டாரோடு முகம் பார்த்து இருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். குடும்பத்தையும் சேர்த்துப் படிப்பித்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. என் அப்பா கெட்ட மனிதர் இல்லை. அந்தப் படுக்கை நோயினாலும் வரும், மருந்தினாலும் வரும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அது தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அதனால், உங்கள் வயதுக்காரருக்குத்தான் வகுப்பு முதலில் வேண்டும். அமெரிக்காவில் நாமி என்ற உளநல அமைப்பு நோயாளிகளின் குடும்பத்தினருக்கு 8 அமர்வுகள் நடத்துகிறது. கட்டணம் இல்லை. நடத்துகிறவர்களும் நோயாளிகளின் உறவினர்களே. அது ஆங்கிலத்தில் இருப்பதால் உங்களுக்கு உதவாது. ஆனால் அந்த முறையை நெல்லியடியிலும் செய்யலாம், ஐந்து குடும்பம் இருந்தால் போதும்.

அடுத்த கிளினிக் திகதிக்கு உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலை நித்திரை மருந்தினாலா, நேரத்தை மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களாக மருந்தை நிற்பாட்ட வேண்டாம். உளசமூக உத்தியோகத்தர் இருந்தால், ‘எங்களுக்கும் ஒருநாள் இருந்து விளக்கம் சொல்லுங்கோ’ என்று கேளுங்கள். வெளியே வாங்கில் உங்களைப் போலவே மருந்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு வேறு தகப்பன்மார் இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் போய் இருங்கள்.