ஒரே பகிடி எத்தனை தரம்?

கேள்வி: நீங்கள் எழுதியதை நம்பி 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்க்கத் தொடங்கி, முதல் சீசன் முடியுமுன் நிறுத்திவிட்டேன். சொன்ன பகிடியையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிற குடும்பத்தில் என்ன நகைச்சுவை? இதைப் பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாமா? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: திரும்பத் திரும்ப வருகிறது என்பது சரி. எழுத ஆளில்லாமல் வருகிறது என்று நீங்கள் நினைப்பதுதான் பிழை.

இரண்டாவது எபிசோடையாவது பார்த்திருப்பீர்கள். சிறையில் இருக்கும் அப்பன், குடும்பத்தின் வாழைப்பழக் கடையில் எப்பவும் காசிருக்கும் என்று மகன் மைக்கேலிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மகனுக்கு அது ஏதோ வியாபாரப் புத்திமதி மாதிரிக் கேட்கிறது. ஆத்திரத்தில் கடையையே கொளுத்திவிட்டு வந்து சொன்னால், சுவருக்குள் 250,000 டொலர் வைத்திருந்தேனே என்று அப்பன் அலறுகிறார். அப்பன் ஒன்றையும் ஒளிக்கவில்லை, உள்ளதை உள்ளபடிதான் சொன்னார். ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்காத வீட்டில் ஒரே வசனம் பத்துத் தரம் வராமல் வேறென்ன வரும்?

அந்த மைக்கேலைப் பாருங்கள், குடும்பம்தான் முக்கியம் என்று வாய்க்கு வாய் சொல்கிற ஒரே ஆள். மகன் கூட்டிவரும் ஆன் என்ற பிள்ளையின் பேரோ முகமோ அவருக்கு நினைவில் நிற்காது, ஒவ்வொரு முறையும் 'அவளா?' என்பார். முதல் தரம் அது வெறும் பகிடி, ஐந்தாம் தரம் வரும்போது இந்த நல்ல மனிசன் சொந்த மகனையே திரும்பிப் பார்ப்பதில்லை என்பது விளங்கிவிடும்.

இதற்கு அமெரிக்கா வரைக்கும் போகத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீடு, மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம். நம்ம ஊர் வழக்கப்படி தாய் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் குசினியோடு ஒட்டின அறைக்குப் போய்விட்டா. மருமகன் சுவரில் ஆணி அறைந்தால் போதும், பின்னாலிருந்து 'என்ட செவரு!' என்று சத்தம் வரும். முதல் தரம் பெரிய சண்டை, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் தரம் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் மருமகன் சுத்தியலோடு போய், 'மாமி, ஒரு ஆணி அறையட்டா?' என்று கேட்டிருக்கிறார். மாமி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'ஒங்கட ஊடு மகன், எனக்கிட்ட என்னத்துக்குக் கேக்கிறீங்க?' இதுக்கு நான் சிரித்த சிரிப்பு முதல் சண்டையைக் கேள்விப்பட்டிருக்காவிட்டால் வந்திருக்காது.

இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' நகைச்சுவை நாடகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் இதையெல்லாம் விளக்கத் தேவையே இல்லை. அந்தப் பாத்திரங்கள் வாரா வாரம் அதே பேச்சு, அதே இழுவையோடுதான் வந்தார்கள், சனம் மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று பாத்திரத்தின் பேரை ஆளின் பேருக்கு முன்னாலேயே ஒட்டிவிட்டது.

உங்கள் குறை முழுக்கப் பொய் என்றும் சொல்லமாட்டேன், அதை நீங்கள் தப்பான இடத்தில் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். 2006இல் நின்றுபோன தொடர் 2013இல் நெட்ஃபிளிக்ஸில் திரும்பி வந்தபோது, நடிகர்களை ஒன்றாகச் சேர்த்தெடுக்க நாள் பொருந்தாமல் எபிசோடுக்கு ஒரு ஆள் என்று பிரித்துவிட்டார்கள். பழைய பகிடிகள் அதிலும் வரும், பழைய அல்பத்தில் படம் காட்டுவது போல. ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ள வீடு இல்லையே.

நீங்கள் விட்டுவந்தது அதையல்ல, நல்ல பாகத்தை. இரண்டாம் சீசனில் கடைசிப் பிள்ளை பஸ்டர், கை வடிவத்தில் செய்த ஒரு நாற்காலியைக் கண்டு, ஒரு கையை இவ்வளவு தேடுவேன் என்று நினைக்கவில்லை என்கிறான். சும்மா ஒரு வசனம் என்று தாண்டிப்போவீர்கள். பிறகு, தாயோடு கோபித்துக்கொண்டு கடலில் இறங்கியவனின் கையை ஒரு கடல்நாய் கடித்துக்கொண்டு போகிறது. தாயின் பேர் லூசில், அவிழ்த்துவிட்ட கடல்நாய்க்கு ஆங்கிலத்தில் லூஸ் சீல். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா என்றால், சின்னதுகள் வேண்டாம், பேச்சு ஒரு மாதிரி. மகளோடும் மருமகனோடும் தாராளமாகப் பாருங்கள். ரீவியைச் சுவரில் மாட்ட முதல் வீட்டில் மாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள்.