பிசிஆர் நெகட்டிவ் வந்தும் அசைக்ளோவிர் ஏன்?

உங்கள் அப்பாவுக்கு ஹெர்பிஸ் வைரஸால் வந்த மூளைக்காய்ச்சலோ என்று சந்தேகித்து, அந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் ஊசி போடுகிறார்கள். முதுகுத்தண்டு நீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் ஒன்றும் இல்லையென்று வந்த பிறகும் ஊசி எதற்கு என்று கேட்டீர்கள். ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே முதுகுத்தண்டு நீர் எடுத்திருக்கிறார்கள். முதல் மூன்று நாளுக்குள் எடுத்தால் ஹெர்பிஸ் இருந்தும் பிசிஆரில் சில சமயம் அகப்படாது.

"சர்க்கரைகூட இல்லாத மனிதருக்கு எப்படி?" என்கிறீர்கள். இந்த வைரஸ் அதெல்லாம் பார்ப்பதில்லை. உதட்டோரம் கொப்புளம் கிளப்புகிற அதே ஹெர்பிஸ் வகை, எச்எஸ்வி-1தான். நம்மில் பலருக்கும் வருடக்கணக்காக நரம்பில் ஒளிந்திருக்கும். மூளைக்குப் போனால் பெரும்பாலும் பிடிப்பது டெம்போரல் மடலை, அதாவது நினைவுக்கு உதவும் பக்கவாட்டுப் பகுதியை. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே "காபி எங்கே?" என்று கேட்டாரே, அந்த மறதி அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'டெம்போரல்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். முதலில் எடுத்ததிலிருந்து மூன்று முதல் ஏழு நாளுக்குள் மறுபடி நீர் எடுப்பார்களா என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். உறுதியானால் 14 முதல் 21 நாள் ஊசி. மாத்திரை இதற்கு ஈடாகாது.

அப்புறம், இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்க்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். நான் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, அதனால் ஹெர்பிஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்றவையும் இப்படித் தொடங்கலாம், அதற்கு அசைக்ளோவிர் கேட்காது.