நெயாப்போலியை வரைபடத்தில் தேடாதீர்கள்: கிரீஸ் பயணக் கேள்வி-பதில்

பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுல் போன வழியில் ஒருமுறை கிரீஸ் போய் வர வேண்டும் என்பவர்களின் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: பவுலின் பயணங்களைச் சொல்லும் பைபிள் புத்தகமான அப்போஸ்தலர் நடபடிகளைக் கையில் வைத்துக்கொண்டு கூகுள் மேப்பில் தேடுகிறேன். பாதி ஊர் வரவே இல்லை. நெயாப்போலி எங்கே இருக்கிறது?

நெயாப்போலி என்றால் புதூர். நம் பக்கம் எத்தனை புதூர் இருக்கிறதோ, கிரேக்கர்கள் குடியேறிய இடங்களிலும் அத்தனை உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ்கூட ஒரு புதூர்தான். பவுல் கப்பலிலிருந்து இறங்கிய நெயாப்போலியின் இன்றைய பெயர் கவாலா. தேட வேண்டியது அதைத்தான்.

மற்ற ஊர்களும் இப்படித்தான். பெரோயா இப்போது வேரியா. பழைய ‘ப’ ஒலியை இன்றைய கிரேக்கர்கள் ‘வ’ என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கெங்கிரேயாவைக் கெக்ரியேஸ் என்று தேடுங்கள். பத்மு தீவு பாட்மோஸ். தீத்துவுக்கு எழுதிய கடிதத்தில் வரும் நிக்கொப்போலி, மேற்குக் கரையில் பிரெவேசா நகரத்தை ஒட்டி இடிபாடாகக் கிடக்கிறது. தெசலோனிக்கே, கொரிந்து பெயர்கள் பெரிதாக மாறவில்லை. ஆனால் கொரிந்து என்று தேடினால் 1858 நிலநடுக்கத்துக்குப் பிறகு கடலோரத்தில் கட்டிய புது ஊர் வரும். அங்கே போய் இறங்கிவிட்டு ‘ஒன்றையும் காணோமே’ என்று நிற்காதீர்கள். பழைய கொரிந்து அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது.

கே: கையில் ஏழு நாள். ஏதென்ஸ், கொரிந்து, தெசலோனிக்கே, பிலிப்பி, பத்மு எல்லாம் பார்த்துவிட முடியுமா?

பார்த்துவிடலாம், பஸ் ஜன்னல் வழியாக. பத்முவை விட்டுவிடுங்கள். அங்கே விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து போகும் கப்பல் ஓர் இரவின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். திரும்பி வரவும் அதே கணக்கு. தீவில் இரண்டு நாளாவது இருக்க முடிகிறவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

மீதியை வடக்கிலிருந்து தெற்காக, பவுல் போன வரிசையிலேயே போடுங்கள். தெசலோனிக்கேயில் இறங்கி, ஏதென்ஸிலிருந்து ஊர் திரும்புகிற மாதிரி டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்பும் செலவு மிச்சம். கவாலாவுக்கும் பிலிப்பிக்கும் ஒன்றரை நாள். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். வேரியாவுக்கு அரை நாள் போதும். அங்கே பவுல் பேசியதாகச் சொல்லும் இடத்தில் மொசைக் படங்களோடு ஒரு நினைவு மேடை கட்டியிருக்கிறார்கள், பழையதாக அதிகம் இல்லை. மிச்சமாகும் அரை நாளில் பக்கத்திலுள்ள வெர்கினாவில் அலெக்சாந்தரின் அப்பா இரண்டாம் பிலிப்பின் கல்லறையைப் பாருங்கள். பிலிப்பி ஊருக்குப் பெயர் தந்தவர் அவர்தானே.

கே: பிலிப்பியில் ‘பவுலின் சிறை’ என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்களாமே. உண்மையிலேயே அதுதானா?

இல்லை. அது ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி. பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் அதைச் சிறையென்று நம்பி வணங்கியிருக்கிறார்கள், சுவரில் பழைய ஓவியத்தின் தடயமும் இருக்கிறது. பவுலும் கூட அடைபட்ட அவரது தோழர் சீலாவும் நள்ளிரவில் பாடிய இடம் இதுவென்று சொல்ல வேறு ஆதாரம் கிடையாது. சுற்றுலாக் குழுக்கள் எல்லாம் இந்தக் குழி முன்னால் நின்று கூட்டமாகப் படம் எடுத்துக்கொள்கின்றன. நானும் முதல் தடவை எடுத்துக்கொண்டேன்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இரண்டு விஷயம். ஒன்று, ஊரின் நடுவே ஓடும் எக்னாத்தியா நெடுஞ்சாலை. அட்ரியாட்டிக் கரையிலிருந்து கிழக்கே போகும் ரோமர் காலத்து ராஜபாட்டை அது. கவாலாவில் இறங்கியவர்கள் இந்த வழியாகத்தான் பிலிப்பிக்கு வந்தாக வேண்டும். பாவிய கல்லில் வண்டிச் சக்கரத் தடம் குழிந்து கிடக்கிறது, கையை வைத்துப் பார்க்கலாம். பக்கத்திலுள்ள சந்தைச் சதுக்கம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், ஆனால் இப்போது நிற்பதில் பெரும்பகுதி 2ஆம் நூற்றாண்டில் திருப்பிக் கட்டியது. பவுல் பார்த்ததில்லை.

இரண்டாவது, எண்கோணக் கோயில் என்று பலகை வைத்த பழைய கிறிஸ்தவக் கோயில். அதற்கு அடியில் அதைவிடப் பழைய சிறிய கோயில் ஒன்று இருந்திருக்கிறது. அதன் மொசைக் தரையில், ஆயர் போர்பிரியோஸ் பவுலின் பசிலிக்காவுக்கு இந்த அலங்காரத்தைச் செய்தார் என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. இந்தப் போர்பிரியோஸ் 343ஐ ஒட்டி சார்திக்காவில், அதாவது இன்றைய சோபியாவில், கூடிய ஆயர் பேரவையில் கலந்துகொண்டவர். பவுல் வந்து முந்நூறு ஆண்டுக்குள் அந்த ஊர்க்காரர்கள் அவர் பெயரில் கோயில் கட்டியிருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பெரும்பாலான குழுக்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

இரத்தாம்பரம் என்ற ஊதாத் துணி விற்ற லீதியாள் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லும் ஓடை, இடிபாடுகளுக்கு வெளியே கிரினிதேஸ் கிராமத்துப் பக்கம் இருக்கிறது. இதே இடம்தான் என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் பட்டணத்துக்கு வெளியே, ஆற்றோரம் என்ற வர்ணனைக்குப் பொருந்துகிறது. மரநிழலும் நன்றாக இருக்கும்.

கே: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ஏதென்ஸில் பவுல் பேசியதாகச் சொல்லும் மார்ஸ் மேடைப் பாறையில் ஏற முடியுமா?

ஏற வேண்டாம். பாறையில் வெட்டிய பழைய படிகள் கோடிக்கணக்கான கால்கள் பட்டுக் கண்ணாடி மாதிரி வழுக்கும். பக்கத்தில் இரும்புப் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள், ஆனால் உச்சிக்குப் போன பிறகும் மேடு பள்ளமான வழுவழுப்புக் கல்தான். காய்ந்து கிடந்த நாளிலேயே நான் அங்கே உட்கார்ந்தபடி சறுக்கி இறங்கியிருக்கிறேன். பவுலின் பேச்சைக் கிரேக்கத்தில் பொறித்த வெண்கலப் பலகை பாறையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. அம்மா அதன் பக்கத்தில் நின்று அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும்.

அவர் எதையும் இழக்கப் போவதில்லை. மார்ஸ் மேடையின் கிரேக்கப் பெயரான அரயோபாகு என்பது பாறைக்கும் பெயர், அங்கே கூடிய நியாய சபைக்கும் பெயர். பவுல் காலத்தில் அந்தச் சபை கீழே, அகோரா என்ற சந்தைவெளியில் இருந்த அரச மண்டபத்தில் கூடியிருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. எப்படியிருந்தாலும் அவர் தினமும் ஆட்களைப் பிடித்துப் பேசியது அகோராவில்தான். அம்மாவை அங்கே கூட்டிப்போங்கள். உட்கார நிழலும் கிடைக்கும்.

கே: ஏதென்ஸில் பார்த்ததாகப் பவுல் தன் பேச்சில் சொன்ன, ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று எழுதிய பலிபீடம் எந்த மியூசியத்தில் இருக்கிறது?

ஏதென்ஸில் அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை. 2ஆம் நூற்றாண்டில் ஊர் சுற்றி எழுதிய பௌசானியாஸ், ஏதென்ஸின் பழைய துறைமுகமான பலேரோனில் அறியப்படாத தெய்வங்களின் பலிபீடங்கள் இருந்ததாகக் குறித்திருக்கிறார். அங்கே பன்மை, பவுலிடம் ஒருமை. நம்மிடம் இருப்பது இவ்வளவுதான்.

கே: கொரிந்துக்கு ஒரு நாள் வைத்திருக்கிறோம். டிராவல்ஸ்காரர் தெல்பியையும் சேர்க்கச் சொல்கிறார். பவுல் அங்கே போனதே இல்லையே?

போனதாக எங்கும் எழுதவில்லைதான். ஆனாலும் சேருங்கள், காரணம் சொல்கிறேன்.

கொரிந்தில் சந்தைவெளியின் நடுவே ஓர் உயரமான கல்மேடை இருக்கிறது. அதுதான் நியாயாசனம், அதிபதி உட்கார்ந்து வழக்கு விசாரித்த இடம். யூதர்கள் பவுலைப் பிடித்து, கொரிந்து அடங்கிய ரோம மாகாணமான அகாயாவின் அதிபதி கல்லியோன் முன்னால் நிறுத்தினார்கள். அவரோ, உங்கள் வேதச் சண்டையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி எல்லோரையும் விரட்டிவிட்டார். இந்தக் கல்லியோன் தத்துவஞானி செனெக்காவின் அண்ணன்.

அடுத்தது தெல்பி. பேரரசர் கிளாடியஸ் அந்த ஊர் விஷயமாக எழுதிய கடிதம் ஒன்றைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அகழாய்வில் அது துண்டு துண்டாகக் கிடைத்தது. அதில் கல்லியோனைத் தன் நண்பர், அகாயாவின் அதிபதி என்று பேரரசர் சொல்கிறார். கிளாடியஸின் பட்டங்களைக் கணக்குப் பார்த்தால் கடிதத்தின் காலம் 52ஆம் ஆண்டு வாக்கில் வருகிறது. அந்தப் பதவி வழக்கமாக ஓராண்டுக்குத்தான். ஆக, பவுல் கொரிந்தில் இருந்த ஒன்றரை ஆண்டு 50க்கும் 52க்கும் இடையில் விழுகிறது. பவுலின் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக ஆணியடிக்க முடிகிற தேதி வேறு இல்லை. மற்ற பயணங்களையும் கடிதங்களையும் இங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணித்தான் வரிசைப்படுத்துகிறார்கள். உடைந்த சில கல்துண்டுகள், பார்க்க ஒன்றும் இருக்காது. தெல்பி அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கொரிந்தில் இன்னொன்று. நாடக அரங்கத்தை ஒட்டிய கல்தளத்தில், ஏரஸ்து தன் பதவிக்கு நன்றியாகச் சொந்தச் செலவில் இதைப் பாவினான் என்று லத்தீனில் ஓர் எழுத்து இருக்கிறது. 1929இல் கண்டெடுத்தது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சாண் அளவு. வெண்கலம் பதிக்க வெட்டிய குழிகள் மட்டும் மிச்சம், வெண்கலத்தை எவனோ எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் கடைசியில் வரும் ‘பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து’, அதாவது ஊர்ப் பணத்தைப் பார்த்துக்கொண்ட அதிகாரி, இவர்தானா? அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

கே: சாமோஸ் தீவிலிருந்து படகில் எபேசு போய்விட்டு ஏதென்ஸ் திரும்பலாமா?

படகு உண்டு, ஆனால் எல்லா மாதமும் ஓடாது. அதைவிட முக்கியம் உங்கள் விசா. எபேசு இருப்பது துருக்கியில். கிரீஸுக்கு நீங்கள் வாங்கும் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றால், துருக்கியில் கால் வைத்ததோடு அது முடிந்தது. எங்கள் குழுவில் ஒருவருக்கு இப்படித்தான் ஆயிற்று. ‘எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற ஏஜென்ட் இதைப் பார்க்கவில்லை. மனுஷன் கிரீஸுக்குத் திரும்ப முடியாமல், ஏதென்ஸ் ஓட்டல் அறையில் விட்டுவந்த பெட்டியை நாங்கள் சுமந்துகொண்டு வந்தோம். பல நுழைவு விசா கேட்டு வாங்குங்கள், அல்லது எபேசுவைப் பயணத்தின் கடைசியில் வைத்து அங்கிருந்தே ஊருக்குக் கிளம்புங்கள். துருக்கி விசா தனி.

கே: ஈஸ்டருக்குப் போகலாமா?

அவர்களுடைய ஈஸ்டர் பெரும்பாலும் நம்முடைய நாளில் வராது. 2027இல் நமக்கு மார்ச் 28, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மே 2. நள்ளிரவு மெழுகுவர்த்தி ஆராதனையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அருமை. தொல்லியல் இடங்கள் ஈஸ்டர் ஞாயிறன்று மூடியிருக்கும். மார்ச் 25, மே 1 ஆகிய நாட்களிலும் அப்படித்தான்.

கே: கெங்கிரேயாவில் பார்க்க ஏதாவது இருக்கிறதா? வழியில்தானே வருகிறது.

டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. பவுல் பொருத்தனைக்காக, அதாவது நேர்த்திக்கடனாக, தலைமுடி கத்தரித்துக்கொண்டு கப்பல் ஏறிய துறைமுகம். சபைக்கு ஊழியக்காரியாக இருந்த பெபேயாளின் ஊர். கரை தாழ்ந்துவிட்டதால் துறைமுகச் சுவர்களும் பின்னால் கட்டிய ஒரு கோயிலின் அடித்தளமும் முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் கிடக்கின்றன. வெயில் நாளில் மேலிருந்தே கல் வரிசை தெளிவாகத் தெரியும். இறங்கிச் சுவர் மேல் நடக்கலாம். பாசி வழுக்கும், செருப்பைக் கழற்றாதீர்கள்.