இலவசப் பசளையும் 'நலமுரண் இல்லை' என்ற பெட்டியும்

கேள்வி: நான் தற்காலிக விரிவுரையாளர். சம்மாந்துறையில் பெரும்போக நெல்லில் ஒரு திரவப் பசளையைப் பரிசோதித்தோம். பசளையைக் கம்பனி சும்மா தந்தது. அக்கரைப்பற்றில் அந்தக் கம்பனியின் முகவராக இருக்கும் என் மச்சானும் இணையாசிரியர். கட்டுரையை அனுப்பும்போது அவசரத்தில் 'நலமுரண் இல்லை' என்று அழுத்திவிட்டேன். சஞ்சிகையின் பதிப்பாசிரியர் குழுவில் என் மேற்பார்வையாளரும் இருக்கிறார். இனிச் சொன்னால் நிராகரித்துவிடுவார்களா? ஒருவர் காசு தந்தால் எல்லாவற்றையும் சரிக்கட்டித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: அந்த ஆளுக்குச் சதமும் கொடுக்காதீர்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கட்டுரை இன்னும் மீளாய்வில், அதாவது வேறு நிபுணர்கள் வாசித்துக் கருத்துச் சொல்லும் கட்டத்தில் இருந்தால் ஒரு மின்னஞ்சலோடு சரிசெய்யலாம். நலமுரண், அதாவது ஆய்வின் முடிவைச் சாய்க்கக்கூடிய பணமோ பொருளோ உறவோ, இருப்பது குற்றமில்லை. பசளைப் பரிசோதனைக்குப் பசளையைக் கம்பனியே தருவது எங்கும் நடப்பதுதான். இருந்ததை இல்லை என்று எழுதுவதுதான் பிழை. 1998இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில், எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்தி வந்த வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரின் கட்டுரையை நினைத்துப் பாருங்கள். தடுப்பூசிக் கம்பனிகள் மீது வழக்குப் போட ஆயத்தமான சட்டத்தரணிகள் வழியாகக் காசு வந்ததை அவர் மறைத்தது 2004இல் அம்பலமானது. வேறு முறைகேடுகளும் சேர்ந்து 2010இல் கட்டுரையையே மீளப்பெற்றார்கள். உங்கள் விடயம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் காசும் பொருளும் யாருடையவை என்ற கேள்வி இங்கேயும் வரும்.

சஞ்சிகையோடு தொடர்பு வைத்திருக்கும் தொடர்பாசிரியர் யாரோ அவர் பதிப்பாசிரியருக்கு எழுதட்டும். கட்டுரையின் இலக்கம் தலைப்பில் இருக்கட்டும். இணையாசிரியர்கள் எல்லோருக்கும் பிரதி போகட்டும். பசளையைத் தந்தது எந்தக் கம்பனி, எத்தனை லீற்றர், வேறு பணமோ பயணச் செலவோ கிடைத்ததா, மச்சானுக்குக் கம்பனியில் சம்பளமா கொமிஷனா, அவர் உங்கள் உறவினர் என்பது, பரிசோதனைத் திட்டத்திலோ தரவிலோ எழுத்திலோ கம்பனி கைவைத்ததா: இவ்வளவும் வரவேண்டும். 'தவறுதலாகக் குறித்துவிட்டோம், திருத்திய கூற்று கீழே' என்று சொன்னால் போதும், கெஞ்ச வேண்டாம். கோப் எனப்படும் வெளியீட்டு நெறிக் குழுவின் வழிகாட்டலும் முதலில் எழுத்தாளரிடம் விளக்கம் கேட்கத்தான் சொல்கிறது.

மருத்துவச் சஞ்சிகைகள் பாவிக்கும் படிவம், இந்தக் கட்டுரைக்குக் கிடைத்த உதவிகளைக் கால எல்லை இல்லாமலும் மற்றவற்றைக் கடந்த 36 மாதங்களுக்கும் கேட்கிறது. விவசாயச் சஞ்சிகைகளின் படிவம் வேறாக இருக்கலாம். உங்களுக்கும் அதே அளவுகோல் போதும். மச்சானின் படிவத்தை மச்சானே நிரப்பட்டும்.

ஒன்றை மட்டும் வெளிப்படுத்தலால் சரிசெய்ய முடியாது. அறுவடையின் நிறையை எடுத்தது யார்? எந்தப் பாத்திக்குப் பசளை போட்டது என்று தெரிந்த மச்சானே தராசில் வைத்திருந்தால், அதை முறையியல் பகுதியிலும் எழுதுங்கள். வேறொருவர் எடுத்த நிறைகள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள்.

மேற்பார்வையாளர் விடயத்தில் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். அவர் குழுவில் இருப்பதால் நீங்கள் அங்கே அனுப்பக்கூடாது என்றில்லை. அவர் இணையாசிரியராக இருந்தாலும் அனுப்பலாம். ஆனால் மீளாய்வாளர் தெரிவிலோ முடிவிலோ அவர் கை இருக்கக்கூடாது. இன்னொரு பதிப்பாசிரியர் கட்டுரையைக் கையாண்டார் என்று பதிவாக வேண்டும். அவர் பிரதம பதிப்பாசிரியராக இருந்தாலும் இதேதான்: விலகி, வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் விலக மறுத்தால்தான் சஞ்சிகையை மாற்ற யோசியுங்கள். மீளாய்வாளர்களின் பெயரைக் கேட்டால் அவரையோ உங்கள் துறையில் உள்ளவர்களையோ அண்மையில் உங்களோடு சேர்ந்து எழுதியவர்களையோ கொடுக்க வேண்டாம்.

இனி அந்தத் தரகர். 'சரிக்கட்டுவது' என்றால் என்ன தெரியுமா? உங்கள் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு எல்லாப் பெட்டியிலும் 'இல்லை' என்று குறிப்பார். உண்மையான பேராசிரியர் ஒருவரின் பெயரில் போலி மின்னஞ்சல் திறந்து, அதை மீளாய்வாளர் என்று கொடுத்து, உங்கள் கட்டுரைக்குத் தானே புகழுரை எழுதுவார். இடையில் யாரென்றே தெரியாத இருவரின் பெயரை ஆசிரியர் பட்டியலில் ஏற்றி அவர்களிடமும் காசு வாங்குவார். 2015இல் பயோமெட் சென்ட்ரல் என்ற சஞ்சிகை வெளியீட்டு நிறுவனம் இப்படிப் போலி மீளாய்வில் தேறிய 43 கட்டுரைகளை மீளப்பெற்றது. கட்டுரை போனால் அதில் நிற்பது உங்கள் பெயர். அவருடைய வாட்ஸ்அப் இலக்கம் அணைந்திருக்கும். மீளாய்வுக்கு முன்பே கட்டணம், 'ஸ்கோபஸ் உத்தரவாதம்' (ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் சேரும் என்ற வாக்கு), ஒரு கிழமையில் ஏற்பு: இதில் ஒன்றைக் கேட்டாலும் பேச்சை நிறுத்துங்கள். சஞ்சிகையின் முகவரியை அவர் அனுப்பும் இணைப்பில் பார்க்காமல் நீங்களே தேடி எடுங்கள். அசலைப் போலவே போலித் தளங்கள் இருக்கின்றன.

இவர்களுக்குச் சந்தை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நிரந்தர நியமனத்துக்கும் பதவியுயர்வுக்கும் கட்டுரையை வாசிக்காமல் எண்ணிக்கையைப் பார்த்துப் புள்ளி போடுகிறோம். நலமுரண் என்றால் என்னவென்று பட்டமேற்படிப்பில் ஒரு மணித்தியாலம்கூடச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிறகு பெட்டியைத் தவறாக அழுத்தியவர் மீது மட்டும் பாய்கிறோம்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலின் கீழ் நினைவூட்டுங்கள். மின்னஞ்சல்களை அழிக்காமல் வையுங்கள். கட்டுரை ஏற்கப்பட்டு, வெளிவருமுன் சரிபார்க்க அனுப்பும் அச்சுப்படி வந்ததும் முதலில் நலமுரண் கூற்றைப் பாருங்கள். தளத்தில் முதலில் குறித்த 'இல்லை' அப்படியே அச்சுப்படிக்குள் வந்துவிடலாம். அதைக் கண்டால் அச்சுப்படியிலேயே திருத்தி அனுப்புங்கள். வெளிவந்த பிறகென்றால் திருத்தக் குறிப்புப் போட வேண்டிவரும்.