க்ரோன்ஸ்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

எனக்கு 32 வயது. பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கும்போது, 21 வயதில், குடலில் இருப்பது க்ரோன்ஸ், அதாவது குடல் வீங்கிப் புண்ணாகும் நீண்டகால அழற்சி நோய் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு வருடம் வேறு பெயர்களில் வைத்தியம் நடந்தது. இதுவரை ஒரு அறுவை சிகிச்சை, நான்கு வகை மருந்து, எண்ணுவதை விட்டுவிட்ட காலனோஸ்கோபிகள் (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது). நான் மருத்துவர் இல்லை. எத்தனை மில்லிகிராம் போடலாம் என்று கேட்டவர்களுக்குப் பதில் எழுதவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மூன்று மாதமாக வயிற்றுப்போக்கு, 7 கிலோ குறைந்துவிட்டேன். ஐ.பி.எஸ்., டென்ஷனைக் குறை என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது அக்கா? (திருச்சி, 19 வயது)

ஐ.பி.எஸ். என்பது குடலில் புண்ணோ அழற்சியோ இல்லாமல் வரும் தொந்தரவு. ஆளைப் படுத்தும், ஆனால் எடையை இப்படி இறக்காது தம்பி. காய்ச்சல், மலத்தில் ரத்தம், ரத்தசோகை, இதெல்லாம் அதன் கணக்கில் வராது. இன்னொன்று கவனி: நல்ல தூக்கத்தில் இருப்பவனை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கழிப்பறைக்கு ஓட வைக்கிறதா? அப்படியென்றால் டென்ஷன் என்ற பதிலோடு திரும்பி வராதே.

ரத்தத்தில் ஹீமோகுளோபினும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும், மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரோடெக்டின் என்ற புரதமும் பார்க்கச் சொல். கால்ப்ரோடெக்டின் 50க்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 250ஐத் தாண்டினால் உள்ளே பார்த்துத்தான் ஆக வேண்டும். பல்வலி, முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை போட்டிருந்தால் அதுவே இந்த எண்ணை ஏற்றிவிடும், சொல்லிவிடு. காலனோஸ்கோபி செய்தால் குழாய் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள்ளும் போனதா, அங்கிருந்து சோதனைக்குச் சதை எடுத்தார்களா (பயாப்சி) என்று கேள். இந்த நோய்க்கு வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வர உரிமை உண்டு, ஆனால் சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதிதான் அதற்குப் பிடித்த இடம்.

பயாப்சியில் டி.பி.யா க்ரோன்ஸா என்று சொல்ல முடியவில்லையாம். முதலில் டி.பி. மாத்திரை போடச் சொல்கிறார்கள். டாக்டருக்கே தெரியவில்லையா? (மதுரை, 24 வயது)

நம் நாட்டில் குடலைப் பார்க்கும் எல்லா டாக்டருக்கும் இந்தத் தலைவலி உண்டு. இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தைப் பிடிக்கும், இரண்டும் கிரானுலோமா என்ற சிறு முடிச்சுகளை உண்டாக்கும். டி.பி.யில் முடிச்சுகள் பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் செத்த திசுவோடு இருக்கும். புண் குடலைச் சுற்றி வளையம் மாதிரி ஓடும். க்ரோன்ஸில் புண் நீளவாக்கில் ஓடும், நடுநடுவே நல்ல குடல் இருக்கும். புத்தகத்தில் இப்படித்தான். நிஜக் குடல் இவ்வளவு தெளிவாகப் பேசாது. டி.பி.யை க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் டி.பி. உடம்பெல்லாம் பரவும். அதனால்தான் சந்தேகம் வந்தால் டி.பி. மாத்திரையை முதலில் போடுகிறார்கள். அதில் தப்பில்லை.

தப்பு எங்கே நடக்கும் என்றால், மறுபடி பார்க்கும் தேதி குறிக்காமல் விடுவதில். எனக்கு அதுதான் நடந்தது. ஆறு மாதம் மாத்திரை விழுங்கினேன், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. முதல் மாதம் கொஞ்சம் தேறியதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. க்ரோன்ஸ்காரர்களுக்கும் அந்த மாத்திரையில் சில சமயம் இப்படித் தற்காலிகமாகத் தேறும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கோர்ஸ் முடிந்து உள்ளே பார்த்தால் புண் அப்படியே இருக்கிறது, குடல் வேறு சுருங்க ஆரம்பித்திருக்கிறது. டி.பி. புண்ணாக இருந்தால் இரண்டு மாதத்தில் ஆற ஆரம்பித்துவிடும். அதனால் இப்போதே கேளுங்கள்: "இரண்டாம் மாதம் முடிந்ததும் திரும்ப ஸ்கோப் பார்ப்பீர்களா?" பதில் என்னவாக இருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒன்றரை வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. அசதயோபிரினை நிறுத்திவிடலாமா? கேன்சர் வரும் என்று வேறு படித்தேன். (கோவை, 27 வயது)

நிறைய பேர் கேட்டது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். அசதயோபிரின் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தணித்து அழற்சியை அடக்கி வைக்கும் மாத்திரை.

24 வயதில் நானும் நிறுத்தினேன். புது வேலை, கையில் சம்பளம், பசி எடுக்கிறது, நோயாளி என்ற நினைப்பே இல்லை. ஒரு மாதம் மாத்திரை தீர்ந்தது, வாங்கப் போகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பதினாலு மாதமும் ஒன்றும் ஆகவில்லை, சாப்பிட்டதும் லேசாக வயிறு உப்புவதைத் தவிர. அப்புறம் ஒரு நாள் ராத்திரி வாந்தி நிற்கவே இல்லை. குடல் கிட்டத்தட்ட அடைத்திருந்தது. 28 சென்டிமீட்டர் வெட்டி எடுத்தார்கள்.

க்ரோன்ஸ் குடலின் மேல்தோலை மட்டும் தொடுவதில்லை, சுவரின் முழுத் தடிமனையும் எரிக்கிறது. எரிந்து ஆறி, எரிந்து ஆறி, அங்கே தழும்பு விழுகிறது. தழும்பு சுருங்கினால் பாதையும் சுருங்கும். அழற்சியை மருந்து அடக்கும், விழுந்த தழும்பை எந்த மருந்தும் நெகிழ்த்தாது. பலூன் வைத்து விரிக்க வேண்டும், இல்லை வெட்ட வேண்டும். இந்தச் சுருக்கம் பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். வயிறு அமைதியாக இருக்கிறது என்பதும் புண் ஆறிவிட்டது என்பதும் வேறு வேறு. அமைதியாக இருக்கும்போதே கால்ப்ரோடெக்டின் பாருங்கள், டாக்டர் சொன்னால் ஸ்கோப்பும் பாருங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் நிறுத்துவதைப் பற்றி அவரிடமே பேசலாம். லிம்போமா என்ற புற்றுநோயின் வாய்ப்பை அசதயோபிரின் கூட்டுவது உண்மை. ஆனால் உங்கள் வயதில் அந்த வாய்ப்பே மிகச் சிறியது, கூடினாலும் சிறியதுதான். சுருக்கத்தின் பக்கம்தான் தராசு தாழ்ந்திருக்கிறது.

நம் ஊரில் இது தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறேன். வருடக்கணக்கில் போட வேண்டிய மருந்தை நிறுத்திவிட்டு, சில மாதத்தில் முடிக்க வேண்டிய ஸ்டீராய்டை ‘இதுதான் கேட்கிறது’ என்று கைவசம் வைத்துக்கொள்கிறார்கள். ஸ்டீராய்டு தீயை அணைக்கும், திரும்பப் பற்றாமல் காவல் இருக்காது. எலும்பையும் அரிக்கும். அதையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

அசதயோபிரினைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று: ஆரம்ப வாரங்களில் ரத்த அணுக்கள் எண்ணிக்கையைத் தவறாமல் பாருங்கள். NUDT15 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளணுக்கள் மளமளவென்று இறங்கும். நம்மவர்களில் கணிசமானவர்களுக்கு அந்த மாற்றம் இருக்கிறது. முதல் சில வாரங்களிலேயே தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் ஷாம்பூவைக் குறை சொல்லாமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

என் மகனுக்கு 17 வயது. நான் போட்ட காரத்தால் வந்ததா? என்ன சமைத்துக் கொடுப்பது? (ஈரோடு, ஒரு அம்மா)

உங்கள் சமையலால் வரவில்லை அம்மா. காரம் எரிகிற வயிற்றில் எரிச்சலைக் கூட்டும், நோயை உண்டாக்காது.

குடலில் சுருக்கம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் சக்கை சேரக் கூடாது: முருங்கைக்காய், வாழைத்தண்டு, கீரைத்தண்டு, பலாச்சுளை, மக்காச்சோளம், முழு வேர்க்கடலை. ‘வாழைத்தண்டு குடலைச் சுத்தம் பண்ணும்’ என்று பெரியம்மா ஆசையாகப் பொரியல் வைத்தார், எனக்கு இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. நோய் சீறும் நாட்களில் குழைந்த சாதம், ரசம், இட்லி, இடியாப்பம், அவித்த முட்டை, முள் எடுத்த மீன். பால் உப்பினால் விடுங்கள், மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். நோய் அடங்கி, சுருக்கமும் இல்லையென்றால் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். பயந்துபோய் வருடம் முழுக்க இட்லியும் தயிர்சாதமும் மட்டும் கொடுத்து, நோயால் மெலியாத பிள்ளை பத்தியத்தால் மெலிந்ததைப் பார்த்திருக்கிறேன். வளர்கிற வயது, புரதம் முக்கியம்.

இன்னொன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஆறு முதல் எட்டு வாரம் வேறு சாப்பாடே இல்லாமல் சத்துப் பானம் மட்டும் கொடுக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது ஸ்டீராய்டுக்கு நிகராகக் கேட்கும், வளர்ச்சியையும் கெடுக்காது. பையனுக்குப் பொறுமை இருக்குமா என்பதுதான் கேள்வி.

ஆசனவாய்ப் பக்கம் சீழ் வருகிறது. சுவரெல்லாம் ‘மூலம், பவுத்திரம் ஒரே நாளில் குணம்’ என்று எழுதியிருக்கிறதே, போகலாமா? (சேலம், 29 வயது)

வேண்டாம். க்ரோன்ஸில் வரும் பவுத்திரம் (ஆசனவாய் அருகே தோலில் திறக்கும் சீழ் வழி) குடல் அழற்சியின் கிளை. வேரை விட்டுவிட்டுக் கிளையை அறுத்தால் புண் ஆறாது. மலத்தை அடக்கும் தசை அறுபட்டால் ஆயுசுக்கும் கஷ்டம். இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து வழி எங்கே போகிறது என்று பார்ப்பார்கள், சீழை வடிப்பார்கள், ‘சீட்டன்’ என்ற நூலைத் தளர்வாகக் கோத்து மாதக்கணக்கில் விடுவார்கள். கூடவே அழற்சியை அடக்க இன்ஃபிளிக்சிமாப் மாதிரி ஊசி. மெதுவான வேலைதான். சிலருக்கு க்ரோன்ஸ் தலைகாட்டுவதே பவுத்திரமாகத்தான். சிறு வயதில் திரும்பத் திரும்ப வந்தால் குடலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாட்டு மருந்து? (பலர்)

நானும் நாலு மாதம் சாப்பிட்டேன், கிண்டல் பண்ண மாட்டேன். பெயர் எழுதாத பொட்டலத்தை மட்டும் வாங்காதீர்கள். சாப்பிட்ட பத்து நாளில் முகம் உருண்டு, அகோரப் பசி எடுத்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். எதைச் சாப்பிட்டாலும் உங்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சிகரெட்?

விட்டுவிடுங்கள். க்ரோன்ஸை நிச்சயமாக மோசமாக்கும்.

அம்பத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நினைத்தாலே வயிறு கலக்குகிறது. (சென்னை, 23 வயது)

முதல் வாரம் வழியில் உள்ள கழிப்பறைகளை மனசுக்குள் வரைபடமாகப் போட்டுக்கொள்: பெட்ரோல் பங்க், மெட்ரோ ஸ்டேஷன், ஓரளவு பெரிய ஓட்டல். எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி அவசரம் அடங்கும், இது என் அனுபவம். பையில் ஒரு மாற்று உடை, டிஷ்யூ, சின்னத் தண்ணீர் பாட்டில். ஊருக்குப் போவதென்றால் ரயில்தான். ராத்திரி பஸ்ஸை டிரைவர் நினைத்த இடத்தில்தான் நிறுத்துவார், ரயிலில் கழிப்பறை கூடவே வருகிறது. எல்லோரும் மூக்கைப் பொத்தும் அந்தக் கடைசி பெர்த்தை நான் கேட்டு வாங்குவேன்.

மேலாளரிடம் ஒரே வரி போதும்: "குடலில் நீண்டகால நோய் இருக்கிறது, சில நேரம் சட்டென்று எழுந்து போவேன்." மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் இந்த நோய் இல்லை, அதனால் அந்தச் சான்றிதழை நம்ப முடியாது. டாக்டரின் கடிதம் ஒன்றை ஆரம்பத்திலேயே வாங்கி வைத்துக்கொள்.

வீட்டில் ஜாதகம் எடுக்கிறார்கள். சொல்ல வேண்டுமா அக்கா? குழந்தை பிறக்குமா? (தஞ்சாவூர், 26 வயது)

நிச்சயத்துக்கு முன்னால், நீயே, பையனிடம் நேராகச் சொல்லிவிடு. பெரியவர்கள் வாய்வழியாகப் போனால் ‘லேசா அல்சர்’ ஆகிவிடும். என் விஷயத்தில் இரண்டு வரன் சொன்னதும் போனது. அம்மா அழுதார். மூன்றாவதாக வந்தவர் ‘காலனோஸ்கோபிக்கு முதல் நாள் குடிக்கும் அந்த மருந்து அவ்வளவு மோசமா?’ என்று கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

குழந்தை பிறக்கும். நோய் சில மாதங்களாவது அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. இதே நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைப் போடுபவர்கள் மாதங்களுக்கு முன்பே மாற்ற வேண்டும், அது கருவைச் சிதைக்கும். அசதயோபிரின் மாத்திரை, இன்ஃபிளிக்சிமாப், அடலிமுமாப் ஊசிகள் மாதிரியானவற்றைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள், ஏனென்றால் மருந்தை விட நோய் சீறுவதுதான் குழந்தைக்கு ஆபத்து. அந்த ஊசிகள் கர்ப்பத்தில் போட்டிருந்தால் பிரசவத்தின்போதே குழந்தை டாக்டரிடம் சொல். இங்கே பிறந்ததுமே பி.சி.ஜி. என்ற டி.பி. தடுப்பூசியைப் போட்டுவிடுவார்கள், உன் குழந்தைக்கு அதைத் தள்ளிப்போட வேண்டும். குழந்தைக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடுதல்தான், ஆனாலும் சில சதவீதம்.

ஊசிச் செலவு, காப்பீடு? (பலர்)

நான் போடும் அடலிமுமாப்பின் பயோசிமிலரை (மூல மருந்தைப் போலவே வேறு நிறுவனம் செய்வது) உலகிலேயே முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்திய நிறுவனம்தான், ஜைடஸ், 2014 டிசம்பரில். அமெரிக்காவுக்கே 2023இல்தான் அந்த வகை வந்தது. விலை இன்னும் கையைக் கடிக்கிறது, ஆனால் பிராண்டு பெயரில் பிடிவாதம் வேண்டாம். ஊசி தொடங்கும் முன் டி.பி.யும் ஹெபடைடிஸ் பி.யும் பார்க்காமல் விடாதீர்கள்.

காப்பீட்டில் நோயை மறைக்காதீர்கள், கேட்கும் நேரத்தில் பணம் வராது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான அதிகபட்சக் காத்திருப்பை 2024இல் 4 வருடத்திலிருந்து 3 வருடமாகக் குறைத்துவிட்டார்கள். அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் காத்திருப்பே இருக்காது, வேலை மாறும்போது சம்பளத்தோடு அதையும் கேளுங்கள்.

ஹாஸ்டலில் யாருக்கும் தெரியாது. ‘லூஸ் மோஷன்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். சொல்லணுமா? (திருநெல்வேலி, 20 வயது)

அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு 1956 ஜூனில் இதே நோய்க்குக் குடலில் ஆபரேஷன் நடந்தது, நவம்பரில் தேர்தலில் நின்று திரும்ப ஜெயித்தார். அவருக்கு என்ன பட்டப்பெயர் வைத்தார்களோ.

எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. அறையில் கூட இருக்கும் ஒருவனிடம் சொல். உன் டாக்டர் நம்பரும் நீ போடும் மருந்துகளின் பெயரும் அவன் போனில் இருக்கட்டும். வலிக்கு மெடிக்கலில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்க வேண்டாம், பாரசிட்டமால் போதும் என்றும் சொல்லி வை. வயிறு பானை மாதிரி உப்பி, வாந்தி நிற்காமல், காற்றுகூடப் பிரியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆட்டோ பிடிக்க வேண்டியவன் அவன்தான்.