ஸ்டிக்கர விடுங்க, சிப்ப பாருங்க

கேள்வி: அண்ணா, என்கிட்ட இருக்கறது ஐ5-8250யூ ப்ராசஸர் லேப்டாப். 8 ஜிபி ரேம் பத்தலன்னு ஆன்லைன்ல இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் வாங்கி போட்டேன், ஸ்டிக்கர்ல சாம்சங்னு இருக்கு, வெளிய விக்கற விலையில பாதிதான். ஆனா டாஸ்க் மேனேஜர்ல ஸ்பீட் 2400னு காட்டுது, அப்பப்ப ப்ளூ ஸ்க்ரீன் வேற வருது. டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டாங்களா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, எல்லாத்துக்கும் முன்னாடி ஆர்டர் பக்கத்துல போய் ரிட்டர்ன் பண்ண கடைசி தேதி என்னன்னு பாத்துக்கோங்க. நான் கீழ சொல்றது எல்லாம் அந்த தேதிக்குள்ள முடியணும்.

அடுத்து, அந்த 2400ஐ பெருசா எடுத்துக்காதீங்க. உங்க ப்ராசஸரே டிடிஆர்4ல 2400 வரைக்கும்தான் போகும், 3200 ரேம் ஸ்டிக்க போட்டாலும் அது இறங்கிதான் ஓடும், அதுல ஏமாத்து எதுவும் இல்ல. இத காட்டி விக்கறவர்கிட்ட சண்டைக்கு போனீங்கன்னா நீங்கதான் தோப்பீங்க. விலை பாதிங்கறதும் ப்ளூ ஸ்க்ரீனும்தான் எனக்கு உறுத்துது.

சிபியூ-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத போட்டு எஸ்பிடி டேப் போங்க, புது ரேம் இருக்கற ஸ்லாட்ட செலக்ட் பண்ணுங்க. ரேம் ஸ்டிக் செஞ்ச கம்பெனி, பார்ட் நம்பர், எந்த வருஷம் எந்த வாரம் செஞ்சதுன்னு எல்லாம் வரும். ஸ்பீட் 1600னு இருந்தா பயப்படாதீங்க, அது பாதிய காட்டும், 1600னா 3200, 1200னா 2400. ஒரிஜினல் சாம்சங் லேப்டாப் ஸ்டிக்னா பார்ட் நம்பர் எம்471னு ஆரம்பிக்கும், கடைசில சிடபிள்யூஇனு முடிஞ்சா 3200, சிடிடினா 2666, சிஆர்சினா 2400. ஸ்டிக்கர்ல ஒண்ணு, இங்க வேற ஒண்ணுன்னா அதுக்கு மேல யோசிக்கவே வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரிட்டர்ன் போட்டுடுங்க. ஆனா ரெண்டும் ஒத்துப்போச்சுன்னு நிம்மதி ஆகிடாதீங்க, அந்த தகவல் இருக்கறது ரேம்ல இருக்கற ஒரு குட்டி சிப்லதான், தெரிஞ்சவங்க அத மாத்தி எழுதிடலாம்.

அதனால ஸ்டிக்க கழட்டி கையில எடுத்தே ஆகணும். சார்ஜர புடுங்கி, பேட்டரி கனெக்டரயும் எடுத்துட்டு கழட்டுங்க. ஸ்டிக்கர மட்டும் உரிச்சிடாதீங்க, ரிட்டர்ன் போயிடும். மறுபக்கம் பெரும்பாலும் ஸ்டிக்கர் இல்லாம சிப் வெளிய தெரியும், அத பாருங்க. மெமரி சிப்ப பெரிய அளவுல செய்யறதுல முக்கியமானவங்க சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூணு பேர், கிங்ஸ்டன், கோர்செயர் மாதிரி ஆளுங்க இவங்க மாதிரி சிப் செய்யறவங்ககிட்ட வாங்கி போர்டுல வச்சு விக்கறாங்க. அதனால கிங்ஸ்டன் ஸ்டிக்ல ஹைனிக்ஸ் சிப் இருந்தா அது சகஜம், ஆனா சாம்சங் ஸ்டிக்ல ஹைனிக்ஸ் சிப் இருக்கவே கூடாது. சாம்சங் டிடிஆர்4 சிப்னா நம்பர் கே4ஏனு ஆரம்பிக்கும், எச்5ஏன்னு இருந்தா ஹைனிக்ஸ். கே4ஏக்கு அப்புறம் 8ஜினு வந்தா ஒரு சிப் 8 கிகாபிட், அதாவது 1 ஜிபி, அந்த மாதிரி 8 சிப் இருந்தாதான் 8 ஜிபி, ரெண்டு பக்கமும் எண்ணி பாருங்க. ஃபோன் டார்ச்ச சாய்ச்சு புடிச்சா எழுத்து தெளிவா தெரியும், சுரண்டி மறுபடி அச்சடிச்சிருந்தா மேல் பக்கம் சிப்புக்கு சிப் வேற வேற மாதிரி இருக்கும். தங்க கலர் பின்ல ஆழமா கோடு கோடா இருந்தா எங்கயோ ஓடின பழைய ஸ்டிக். பழசுன்னா போலின்னு அர்த்தம் இல்ல, ஆனா புதுசுன்னு சொல்லி வித்தது பொய்தான்.

இப்ப ப்ளூ ஸ்க்ரீனுக்கு வரேன். அந்த தங்க கலர் பின்ன ரப்பர் வச்சு லேசா துடைச்சு, பழைய ரேம கழட்டிட்டு புதுச மட்டும் போட்டு, பென்டிரைவ்ல மெம்டெஸ்ட்86ங்கற ரேம் டெஸ்ட் சாஃப்ட்வேர ஏத்தி ராத்திரி விட்டுட்டு தூங்குங்க, இலவசத்துல நாலு ரவுண்டு ஓடும். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஏத்துக்காதீங்க, ஒண்ணுதானேன்னு விட்டா நீங்க சேவ் பண்ற ஃபைலே ஒரு நாள் சத்தமில்லாம கெட்டுப்போகும், ப்ளூ ஸ்க்ரீன விட எனக்கு அதுதான் பயம். மறுநாள் அதே ஸ்லாட்ல பழசையும் தனியா ஓட்டுங்க. பழசு பாஸாகி புதுசு ஃபெயிலானா புதுசுலதான் கோளாறு. ரெண்டும் தனித்தனியா பாஸாகி, சேத்து போட்டா மட்டும் எரர் வந்தா அது ஜோடி சேரல, டூப்ளிகேட்னு சொல்ல முடியாது, அப்பவும் ரிட்டர்ன் கேக்கறது நியாயம்தான்.

கேள்வி: டெஸ்க்டாப்புக்கு 8 ஜிபி டிடிஆர்3 ரொம்ப கம்மி விலைக்கு வருது, ஏஎம்டிக்கு மட்டும்னு போட்டிருக்கு. என்னோடது இன்டெல், வாங்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம்மா. அதுல சிப் ஒவ்வொண்ணும் ஒரு தடவைக்கு 4 பிட் தர வகை, சாதா டெஸ்க்டாப் ரேம்ல 8 பிட். இன்டெல் டெஸ்க்டாப் போர்டு அந்த 4 பிட் வகைய எடுத்துக்காது. ரெண்டுலயுமே 16 சிப்தான் இருக்கும், அதனால ஃபோட்டோவ பாத்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. சர்வர் ரேமும் இதே மாதிரி மலிவா வரும், லேபிள்ல ஈசிசி ரெஜிஸ்டர்டுன்னு இருந்தா அதையும் வாங்காதீங்க, உங்க போர்டுல ஆன் ஆகாது.